கெர்னலின் கடைசி வரிகள் யாருக்கு?

ஒரு சாதாரணச் செயலி பாதியில் விழுந்தால் அதைப் பற்றிச் சொல்ல இயங்குதளம் இருக்கிறது. எந்த இடத்தில் விழுந்தது என்று பதியவும், நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும், பயனருக்கு ஒரு பெட்டியைக் காட்டவும் அது தயாராக நிற்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலே தவறினால் அதற்குக் கீழே யாரும் இல்லை. தன் குலைவைத் தானே கண்டுபிடித்து, தானே வரிகளாக்கி, திரைக்கோ சீரியல் கம்பிக்கோ தானே தள்ள வேண்டும். அதற்குத் தேவையான நினைவகம், பூட்டுகள், திரை டிரைவர் எல்லாம் அதே குலைவில் சிக்கியிருக்கலாம். சாகும் நேரத்தில் மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்ற அனுமானத்தில் மரண வாக்குமூலத்துக்கு நீதிமன்றம் தனி மதிப்புத் தருகிறது. கெர்னல் விஷயத்தில் இந்த அனுமானம் தலைகீழாகிறது: விழும் நேரத்தில் அது சொல்வதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட நிலையில் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது, எந்த வடிவில் சொல்வது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதில்கள் குவிந்திருக்கின்றன. நுட்பத்தில் அவை வேறுபடுவதைவிட, யார் படிக்கப்போகிறார் என்று எதிர்பார்த்ததில்தான் அதிகம் வேறுபடுகின்றன என்பது இக்கட்டுரையின் வாசிப்பு. எதிர்பார்த்த வாசகர் போன பிறகும் வடிவம் மட்டும் நின்றுவிடுவது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

சுருக்கமாகச் சொல்லி நிற்பது

மல்டிக்ஸ் இயங்குதளத்தின் நிரலில் கணிசமான பகுதி பிழையிலிருந்து மீள்வதற்காகவே எழுதப்பட்டது. யூனிக்ஸை உருவாக்கியவர்கள் அந்தச் சுமையை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். மீள முடியாத பிழை வந்தால் பேனிக் என்ற ஒரே சிறு நடைமுறை. 1970களின் நடுவில் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அது செய்யும் வேலை மூன்றுதான்: நினைவகத்தில் தேங்கியிருப்பதை வட்டில் எழுதும், பேனிக் என்ற சொல்லோடு ஒரு சிறு காரணத்தை அச்சிடும், பிறகு முடிவில்லாமல் சும்மா சுற்றும்.

இந்தச் சுருக்கத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. இயந்திரம் இருந்த அதே கட்டடத்தில்தான் அதை எழுதியவர்களும் இருந்தார்கள். கன்சோலில் ஒரு வரி வந்தால் போதும்; மற்றதை நினைவகத்தை நேரடியாகப் பார்த்தோ, நிரலை வாசித்தோ கண்டுபிடித்துவிடுவார்கள். மல்டிக்ஸிலும் இதே நெருக்கத்தின் விளையாட்டு உண்டு. நடக்கவே நடக்காது என்று கருதப்பட்ட ஒரு நிலைக்கு, மூலக் கோப்பகத்துக்கு இன்று ஒரு சகோதரன் பிறந்திருக்கிறான் என்று பொருள்படும் செய்தியை ஒரு நிரலாளர் லத்தீனில் எழுதி வைத்தார். எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் சிரிப்பு. வேறு எவருக்கும் அதனால் பயனில்லை.

1991இன் லினக்ஸ் 0.11 இந்த மரபை அப்படியே எடுத்துக்கொண்டது. பேனிக் வந்தால் வட்டை ஒத்திசைக்கும். முதல் செயல்முறையிலேயே சிக்கல் என்றால் மட்டும் ஒத்திசைக்கவில்லை என்று தனியாக அறிவிக்கும். குலைந்த கெர்னலை வட்டில் எழுதவிடுவது ஆபத்து என்பது பின்னால் தெளிவானபோது ஒத்திசைப்பு முற்றாக நின்றது. ஒத்திசைக்கவில்லை என்ற அறிவிப்போ, எந்நேரமும் உண்மையாக இருக்கும் ஒரு வாக்கியமாக, இன்றைய லினக்ஸின் ஒவ்வொரு பேனிக் வரியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வட்டைப் பற்றி அந்த இடத்தில் இப்போது யாரும் கேட்பதில்லை.

எண்ணும் கையேடும்

கணினியை விலைக்கு விற்ற நிறுவனங்களுக்கு வாசகர் வேறு. ஐபிஎம் பெருங்கணினிகளில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. தொடக்க எழுத்துகள் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். கடைசி எழுத்து, படிப்பவர் ஏதாவது செய்ய வேண்டுமா, வெறும் தகவல்தானா என்பதைச் சொல்லும். ஆபரேட்டர் கையேட்டைப் புரட்டி அந்தக் குறியின் விளக்கத்தையும் செய்ய வேண்டியதையும் படிப்பார். டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ் இதை இன்னும் ஒழுங்காக்கியது: சதவீதக் குறி, பகுதியின் பெயர், தீவிரத்துக்கு ஓரெழுத்து, சுருக்கப் பெயர், அதற்குப் பிறகே வாக்கியம். வாக்கியத்தை எந்த மொழிக்கும் மாற்றலாம், முன்னால் இருப்பது மாறாது.

விஎம்எஸ்ஸை வடிவமைத்தவர்களுள் முதன்மையான டேவ் கட்லர் மைக்ரோசாஃப்டுக்குச் சென்று விண்டோஸ் என்டியை உருவாக்கினார். 1993இல் வெளிவந்த என்டி 3.1இன் நீலத்திரையில் அந்த மரபு தெரிகிறது. ஒரு நிறுத்தக் குறியீடு, அதைத் தொடர்ந்து நான்கு எண்கள். அந்த நான்கின் பொருள் குறியீட்டுக்குக் குறியீடு மாறும். பத்தாம் எண் குறியீட்டை எடுத்துக்கொண்டால் முதல் எண் தொடக் கூடாத முகவரி, இரண்டாவது அப்போதைய இடைமறிப்பு நிலை, மூன்றாவது படித்ததா எழுதியதா, நான்காவது அந்தத் தவற்றைச் செய்த கட்டளையின் முகவரி. தொடக்கப் பதிப்புகளில் இதற்குக் கீழே ஏற்றப்பட்டிருந்த டிரைவர்களின் பட்டியலும் அவற்றின் முகவரிகளும் திரையை நிரப்பின.

இவ்வடிவத்தின் வலிமை நிலைத்தன்மை. முப்பது ஆண்டு கழித்தும் அதே குறியீடு அதே பொருளைத் தருகிறது, தேடினால் கிடைக்கிறது. பலவீனம் சற்று ஆழமானது. குறியீடு பிழை கண்டுபிடிக்கப்பட்ட இடத்தைத்தான் பெயரிடுகிறது, பிழை பிறந்த இடத்தை அல்ல. ஒரு டிரைவர் பிறர் நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போனால், பின்னால் அந்த நினைவகத்தைத் தொட்ட அப்பாவிப் பகுதியின் பெயரில்தான் குறியீடு வரும். ஒரே குறியீட்டின் கீழ் நூற்றுக்கணக்கான காரணங்கள் ஒதுங்கும்போது, கையேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது தரும் அறிவுரை பொதுவானதாகவே இருக்கும்: அண்மையில் சேர்த்த வன்பொருளை நீக்கிப் பாருங்கள்.

1985இன் அமிகா கணினியை இங்கே ஒரு வரியில் தொட்டுச் செல்லலாம். கறுப்புத் திரையில் மினுங்கும் சிவப்புக் கட்டம், குரு தியானம் என்ற வேடிக்கைத் தலைப்பு, இரண்டு எண்கள். வாசகர்களின் நினைவில் நின்ற அளவுக்கு அது அவர்களுக்கு உதவியதாகத் தெரியவில்லை.

கையிலிருப்பதையெல்லாம் கொட்டுவது

லினக்ஸ் தேர்ந்த வழி இவ்விரண்டுக்கும் மாறானது. அதன் வாசகர் பக்கத்து அறையிலும் இல்லை, கையேட்டோடு ஆபரேட்டர் நாற்காலியிலும் இல்லை. வேறொரு கண்டத்தில் இருக்கும் நிரலாளர். அவரால் பழுதான இயந்திரத்தைத் தொட முடியாது. எனவே முதல் அஞ்சலிலேயே முடிந்தவரை எல்லாம் போய்ச் சேர வேண்டும். ஊப்ஸ் என்று வழங்கும் அந்த நீண்ட அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் இந்தத் தொலைவுதான் காரணம்.

அறிக்கையை மேலிருந்து வாசித்தால் அதில் எவ்வளவு சிந்தனை போயிருக்கிறது என்று தெரியும். முதல் வரி, பூச்சியப் பாயிண்டர் வழியாக நினைவகத்தைத் தொட முயன்றதாகச் சொல்லி, முகவரியைத் தருகிறது. அந்த முகவரி பல நேரம் பூச்சியமாக இராது. எட்டாகவோ நாற்பதாகவோ இருக்கும். பழகியவருக்கு அதுவே பாதித் துப்பு: ஒரு ஸ்ட்ரக்சரைச் சுட்ட வேண்டிய பாயிண்டர் காலியாக இருந்திருக்கிறது, நிரல் அந்த ஸ்ட்ரக்சரின் எட்டாவது பைட்டில் இருக்கும் உறுப்பைக் கேட்டிருக்கிறது. அடுத்து ஊப்ஸ் என்ற சொல்லோடு ஓர் எண். எக்ஸ்86 செயலி தானே தரும் பிழைக் குறியீடு அது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பொருள். முதல் பிட், பக்கம் நினைவகத்தில் இல்லையா அனுமதிதான் இல்லையா என்பதைச் சொல்லும். இரண்டாவது, படித்ததா எழுதியதா. மூன்றாவது, தவறு நடந்தது கெர்னல் நிலையிலா பயனர் நிலையிலா. எண்ணை மனத்துக்குள் பிரித்துப் படிக்கும் இந்த வேலையைக் குறைக்க, 2019 வாக்கில் அதே செய்தியைச் சொற்களாகவும் அச்சிடத் தொடங்கினார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் சதுர அடைப்பில் வரும் வரிசை எண் சிறியதாகத் தெரிந்தாலும் முக்கியமானது. இது இயந்திரம் தொடங்கிய பிறகு வந்த எத்தனையாவது ஊப்ஸ் என்பதை அது சொல்கிறது. முதலாவதை மட்டுமே முழுதாக நம்பலாம். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதன் எதிரொலி. அதே காரணத்துக்காகத்தான் கறைக் குறிகளும் வருகின்றன. மூலநிரல் மூடப்பட்ட டிரைவர் ஏற்றப்பட்டிருந்தால் ஓர் எழுத்து, வெளியிலிருந்து கட்டிய மாட்யூலுக்கு ஓர் எழுத்து, முன்பே எச்சரிக்கை வந்திருந்தால் ஓர் எழுத்து, முன்பே ஊப்ஸ் வந்திருந்தால் ஓர் எழுத்து. 2001 வாக்கில் நுழைந்த இந்தக் குறிகள், தம்மால் பார்க்க முடியாத நிரலின் பிழைகளில் நேரம் செலவழிக்க விரும்பாத நிரலாளர்களின் தற்காப்பு என்றும் சொல்லலாம்.

அடுத்து, கட்டளை நின்ற இடம்: ஃபங்ஷனின் பெயர், கூட்டல் குறி, அதற்குள் எத்தனை பைட் தாண்டி, சாய்கோடு, ஃபங்ஷனின் மொத்த நீளம். நீளம் எதற்கு என்று தோன்றலாம். படிப்பவரிடம் இருக்கும் கெர்னலும் விழுந்த கெர்னலும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அது உதவுகிறது. நீளம் ஒத்துப்போகாவிட்டால் தேடும் இடமே தவறு. பிறகு 64 பைட் எந்திர நிரல், அதில் தவறு செய்த பைட் கோண அடைப்புக்குள். மூலநிரலே கையில் இல்லாதவர்கூட இந்த வரியைக் கட்டளைகளாக மாற்றி என்ன நடந்தது என்று பார்க்கலாம். ரெஜிஸ்டர்கள், அழைப்புத் தொடர், ஏற்றப்பட்ட மாட்யூல்கள் என்று அறிக்கை நீள்கிறது.

பெயர்கள் எப்போதும் இருந்ததில்லை. 2.4 பதிப்பு வரை பொதுவாக வெறும் பதினறும எண்கள்தான். பயனர் அவற்றைத் திரையிலிருந்து கையால் எழுதி, கேசிம்ஊப்ஸ் என்ற கருவியிடம் கொடுத்துப் பெயர்களாக்க வேண்டும். கையால் எழுதச் சொல்லும் அறிவுரை கெர்னலின் ஆவணத்திலேயே இருந்தது. தவறான கெர்னலின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால், நம்பும்படியான பொய்த் தொடர் கிடைத்துவிடும். 2.6 தொடரில் பெயர்ப் பட்டியல் கெர்னலுக்குள்ளேயே குடியேறியது. நினைவகம் கொஞ்சம் செலவானது, வாசகரின் நேரம் நிறைய மிஞ்சியது.

அழைப்புத் தொடரின் கதை இன்னும் சிக்கலானது. பழைய முறை, ஸ்டாக்கில் கெர்னல் நிரலின் முகவரிபோலத் தோன்றும் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடும். எப்போதோ நடந்து முடிந்த அழைப்புகளின் மிச்சங்களும் அதில் கலக்கும். நம்பத்தகாத வரிகளுக்கு முன் கேள்விக்குறி போடும் வழக்கம் இதிலிருந்து வந்தது. தன் சாட்சியத்தில் எந்த வரி சந்தேகத்துக்குரியது என்று தானே குறித்துத் தரும் இந்த நேர்மை மற்ற இயங்குதளங்களின் கிராஷ் செய்திகளில் எளிதில் கிடைக்காது. 2006இல் டுவார்ஃப் என்ற பிழைதிருத்தத் தரவை வைத்து ஸ்டாக்கைத் துல்லியமாக அவிழ்க்கும் முறை ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் சொந்தப் பிழைகள் ஊப்ஸ் அச்சாகும்போதே இன்னொரு விபத்தைக் கொண்டுவந்ததால் சீக்கிரமே வெளியேற்றப்பட்டது. துல்லியம் வேண்டும், ஆனால் அறிக்கை எழுதும் நிரல் எல்லாவற்றிலும் எளியதாக இருக்க வேண்டும் என்ற முரண் அதில் வெளிப்பட்டது. 2017இல் 4.14 பதிப்பில் வந்த ஓஆர்சி முறை ஒரு நடுவழி: இரண்டு முதல் நான்கு மெகாபைட் வரை கூடுதல் அட்டவணை, ஆனால் தேடும் நிரல் எளிது.

இவ்வளவு விரிவின் விலை திரையில் தெரிந்தது. 25 வரிகள் மட்டும் கொள்ளும் கன்சோலில் அறிக்கையின் தலைப்பகுதி மேலே ஓடி மறைந்துவிடும். மேலே திருப்பவும் முடியாது. அதனால் கட்டளை நின்ற இடத்தைக் கடைசியில் மறுபடி ஒருமுறை சுருக்கமாக அச்சிடும் வழக்கம் வந்தது. சீரியல் கம்பியில் இழப்பு நேரமாகிறது: நொடிக்கு 115,200 பிட் வேகத்தில் ஏறக்குறைய 11,500 எழுத்துகளே போகும். 4,000 எழுத்து அறிக்கைக்கு மூன்றில் ஒரு நொடி. மைக்ரோ நொடிகளில் கணக்குப் பார்க்கும் கெர்னலுக்கு அது ஒரு யுகம். நிகழ்நேர லினக்ஸ் முழுமையாக முதன்மைக் கெர்னலில் சேர 2024 செப்டம்பர் வரை காத்திருந்ததற்குக் கடைசிப் பெரிய தடையாக இருந்தது இந்த அச்சிடும் பகுதிதான்.

எச்சரிக்கையா, மரணமா

வடிவம் பற்றிய விவாதத்தில் தீவிரத்தை எப்படிக் குறிப்பது என்பது தனிக் கிளை. பிஎஸ்டி யூனிக்ஸின் சிஸ்லாக் மரபிலிருந்து லினக்ஸ் எட்டு நிலைகளை எடுத்துக்கொண்டது: அவசரத்துக்குப் பூச்சியம், பிழைதிருத்தத் தகவலுக்கு ஏழு. நிலையை முடிவு செய்பவர் அந்த வரியை எழுதும் நிரலாளர். தன் டிரைவரின் சிக்கல் எல்லாருக்கும் அவசரம் என்றே அவருக்குத் தோன்றும். பொது அளவுகோல் எதுவும் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

சச்சரவு உண்மையில் இரண்டு மேக்ரோக்களைச் சுற்றி நடந்தது. பக் என்பது அந்த இடத்திலேயே செயல்முறையைக் கொன்றுவிடும். வார்ன் என்பது கோப்பின் பெயர், வரி எண், அழைப்புத் தொடர் ஆகியவற்றை அச்சிட்டுவிட்டு வேலையைத் தொடரும். இரண்டின் அறிக்கையும் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பக் வகையைப் பல ஆண்டுகளாகக் கடுமையாக எதிர்த்து வருகிறார். பூட்டுகளைப் பிடித்தபடி ஒரு செயல்முறை செத்தால் அறிக்கையே வட்டுக்குப் போய்ச் சேராமல் போகலாம். அப்போது நிறுத்தியதால் கிடைத்த பாதுகாப்பும் இல்லை, தகவலும் இல்லை என்பது அந்த வாதத்தின் சாரம். 2022இல் கெர்னலின் நிரலெழுத்து வழிகாட்டியிலேயே, கெர்னலைக் கொல்லாதீர்கள், ஒருமுறை மட்டும் எச்சரிக்கும் வகையைப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை சேர்க்கப்பட்டது.

மறுதரப்பின் வாதமும் லேசானது அல்ல. எச்சரிக்கை வந்தவுடனே பேனிக் ஆகும்படி அமைக்கும் வசதி லினக்ஸில் உண்டு. பெரிய மேகக் கணினி நிலையங்கள் சில அதை இயக்கி வைத்திருக்கின்றன. சந்தேகத்துக்குரிய இயந்திரம் உயிரோடு இருப்பதைவிடச் செத்து மறுபடி எழுவது அவற்றுக்கு நல்லது. அங்கே வெறும் எச்சரிக்கை வரிக்கும் கொலைக் கட்டளைக்கும் வேறுபாடு இல்லை. பயனர் நிரல் ஒன்றால் ஒரு வார்னைத் தூண்ட முடிந்தால், அதுவே இயந்திரத்தை வீழ்த்தும் ஓட்டையாகிவிடுகிறது. வழிகாட்டியோ, அப்படி அமைத்தவர்கள் அதன் விளைவையும் ஏற்றவர்கள் என்கிறது. இரு நிலைப்பாடுகளும் ஒரே மூலநிரலில் ஒன்றாக வாழ்கின்றன.

தொடர்ந்து ஓடவிடுவதிலும் ஓர் எல்லை உண்டு என்பதை கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ ஆய்வாளர் யான் ஹார்ன் காட்டினார். ஒவ்வொரு ஊப்ஸின்போதும் ஓர் எண்ணிக்கை விடுவிக்கப்படாமல் மிஞ்சினால், வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஊப்ஸை வரவழைத்து அந்த எண்ணிக்கையை நிரம்பி வழியச் செய்யலாம்; அதிலிருந்து கெர்னலைக் கைப்பற்றலாம். இதன் விளைவாக 6.2 பதிப்பில் ஊப்ஸுக்கு உச்சவரம்பு வந்தது: இயல்பாக 10,000. அதற்குமேல் பேனிக். பத்தாயிரம் என்ற எண் கொள்கையிலிருந்து பிறந்ததல்ல. தற்செயலான விபத்துகள் தொடாத, தாக்குபவருக்குப் போதாத ஓர் எண், அவ்வளவுதான்.

படிக்கக் கூடாதவரும் படிக்கிறார்

எல்லாவற்றையும் கொட்டும் வடிவத்துக்கு எதிர்பாராத ஒரு வாசகர் வந்து சேர்ந்தார். 2014இல் 3.14 பதிப்பில் கெர்னல் நினைவகத்தில் எங்கே ஏறும் என்பதைத் தாறுமாறாக்கும் வசதி வந்தது; 2017 முதல் எக்ஸ்86இல் அது இயல்பு அமைப்பு. தாக்குபவருக்கு முகவரி தெரியக் கூடாது என்பதே அதன் முழு நோக்கம். அப்படியிருக்க, ஒவ்வொரு எச்சரிக்கையும் முகவரிகளை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அறிக்கை சிறிது சிறிதாகக் கத்தரிக்கப்பட்டது. 2016இன் இறுதியில் ஸ்டாக்கின் பச்சை எண்களை அச்சிடும் பகுதி எக்ஸ்86இல் நீங்கியது. அழைப்புத் தொடரில் முகவரிகள் போய்ப் பெயர்கள் மட்டும் நின்றன. 4.15 பதிப்பிலிருந்து கெர்னல் முழுவதும் பாயிண்டரை அச்சிடும் பொதுவான வடிவக் குறி உண்மை முகவரிக்குப் பதிலாக அதன் ஹாஷ் ஒன்றைத் தருகிறது. ஒரே பாயிண்டர் இரண்டு வரிகளில் வந்தால் ஒன்றே என்று அறியலாம். எங்கே இருக்கிறது என்று அறிய முடியாது. பிழைதிருத்துபவர்கள் சலித்துக்கொண்டார்கள். 2021இல் ஹாஷ் இல்லாமல் அச்சிட ஒரு தொடக்க விருப்பம் திரும்ப வந்தது. அதை இயக்கினால் கெர்னல் பெரிய கட்டம் கட்டி எச்சரிக்கிறது.

இந்தக் கத்தரிப்பு முழு ஒழுங்கோடு நடந்ததாகச் சொல்ல முடியாது. அதே ஊப்ஸில் ரெஜிஸ்டர்கள் இன்றும் உண்மை மதிப்புகளோடுதான் அச்சாகின்றன, அவற்றில் பாதி பாயிண்டர்கள். ரெஜிஸ்டர்களையும் மறைத்தால் அறிக்கையே வீணாகும் என்பதால் அங்கே கை வைக்கவில்லை. லாகைப் படிக்கும் உரிமையையே கட்டுப்படுத்தும் அமைப்பைப் பல லினக்ஸ் வழங்கல்கள் சார்ந்திருக்கின்றன. எதை மறைப்பது என்பதைவிட யாருக்குக் காட்டுவது என்ற கேள்விதான் இங்கே சரியானது என்று தோன்றுகிறது. வடிவத்தின் வழியாக அந்தக் கேள்விக்கு விடை தேடியது ஓரளவுதான் பலித்தது.

பயனரைப் பயமுறுத்தாத திரை

ஆப்பிள் தொடக்கத்திலிருந்தே வேறு வாசகரை நினைத்தது. 1984இன் மெக்கின்டாஷில் சூசன் கேர் வரைந்த குண்டுப் படம். மேக் ஓஎஸ் பத்தின் முதல் பதிப்புகளில் யூனிக்ஸ் வழித் தாக்கத்தால் திரைமேல் வெள்ளை எழுத்துகள் கொட்டின. 2002இன் 10.2இல் அது போய், கணினியை அணைத்து மறுபடி இயக்கச் சொல்லும் பெட்டி நான்கு மொழிகளில் வந்தது. விவரம் முழுதும் கணினியின் சிறிய நிலைநினைவகத்துக்குப் போனது. அங்கே இடம் குறைவு என்பதால் எட்டு பிட் எழுத்துகளை ஏழாகச் சுருக்கி அடைக்க வேண்டியிருந்தது. 2012 முதல் அந்தப் பெட்டியும் இல்லை; கணினி தானே மீண்டும் தொடங்கி, பிறகு செய்தி சொல்கிறது.

அதே 2012இல் விண்டோஸ் 8 சோக முகக் குறியைக் கொண்டுவந்தது. நான்கு எண்கள் திரையிலிருந்து மறைந்தன. 2016இல் க்யூஆர் குறி சேர்ந்தது. அது அழைத்துச் சென்றதோ பொதுவான உதவிப் பக்கத்துக்கு. இந்த அணுகுமுறைக்கு ஒரு கடுஞ்சோதனை 2024 ஜூலை 19 அன்று வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கணினிகள் நீலத்திரைக்குப் போயின. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்று அந்தத் திரையில் உண்மையிலேயே பயன்பட்டது, கீழே சிறிய எழுத்தில் இருந்த டிரைவர் கோப்பின் பெயர்தான். எந்த மென்பொருளைச் சந்தேகிப்பது என்ற தடத்தை அது கணினி நிர்வாகிகளுக்குக் காட்டியது. 2025இல் மைக்ரோசாஃப்ட் நீலத்தைக் கறுப்பாக்கி, முகத்தையும் க்யூஆரையும் எடுத்துவிட்டு, குறியீட்டையும் டிரைவர் பெயரையும் நிறுத்திக்கொண்டது. காரணம் இந்த நிகழ்வு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. திசை மட்டும் தெளிவு.

லினக்ஸின் நிலை நீண்ட காலம் இதைவிட மோசம். வரைகலைத் திரை இயங்கும்போது பேனிக் வந்தால் எதுவுமே தெரியாது. விசைப்பலகையின் விளக்குகள் மினுங்கும். அந்த மினுக்கலை மோர்ஸ் குறியாக மாற்றிப் பேனிக் செய்தியைச் சொல்லவைக்கும் ஒட்டுநிரல்கூட 2002இல் எழுதப்பட்டது. முதன்மைக் கெர்னலில் சேரவில்லை. 2024இல் 6.10 பதிப்பில்தான் வரைகலைப் பகுதிக்கென ஒரு பேனிக் திரை வந்தது. 6.12இல் அதே திரையில் க்யூஆர் குறி. விண்டோஸிலிருந்து முக்கியமான வேறுபாடு, இந்தக் குறிக்குள் இருப்பது அந்த விபத்தின் லாகே, சுருக்கி அடைத்தபடி. பயனர் படம் எடுக்கிறார், நிரலாளர் படிக்கிறார். கையால் எழுதிய காலத்தின் சிக்கலுக்கு இது நேர்த்தியான விடை. ஆனால் குறியை வரையும் நிரல் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட கணிசமான ஒரு பகுதி; குலைந்த கெர்னலில் எவ்வளவு நிரலை ஓடவிடலாம் என்ற பழைய கேள்வி அதோடு திரும்ப வருகிறது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. நான்கு மொழிப் பெட்டி போன்றவை முன்பே வரைந்து வைத்த படங்கள். எழுத்து எழுத்தாக அச்சிடும் லினக்ஸ் கன்சோலில் 512 வடிவங்களுக்கு மேல் கொள்ளாது, ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்பதே கணக்கு. கொம்பு முன்னால் போய் நிற்கும் தமிழ் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் சரியாக விழாது. கெர்னலின் கடைசி வரிகள் ஆங்கிலத்திலேயே நிற்பதற்குப் பழக்கம் ஒரு காரணம், இது இன்னொன்று.

மனிதருக்கு எழுதியதை இயந்திரம் படிக்கிறது

லினக்ஸின் எச்சரிக்கை, இங்கே வெட்டுக என்று பொருள்படும் கோட்டோடு தொடங்குகிறது. அஞ்சலில் ஒட்ட வேண்டியது எங்கிருந்து என்று பயனருக்குக் காட்டுவதற்காக வந்த கோடு அது. இன்று அந்தக் கோட்டைத் தேடுபவை பெரும்பாலும் நிரல்கள். கூகுளின் சிஸ்பாட் 2017 முதல் கெர்னலை ஓயாமல் தாக்கிப் பிழைகளைக் கண்டுபிடித்துப் புகார் எழுதுகிறது. கன்சோல் உரையை வடிவ ஒப்பீட்டால் அலசித்தான் அது ஒவ்வொரு பிழைக்கும் தலைப்பிடுகிறது. ஒரே தலைப்பு வந்தால் ஒரே பிழை. இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் அச்சிட்டு வரிகள் பின்னிக்கொண்டால் தலைப்பு கெட்டுவிடும். அதனால் 2019இல் ஒவ்வொரு வரியின் முன்னாலும் எழுதிய செயல்முறையின் எண்ணைச் சேர்க்கும் விருப்பம் கெர்னலுக்குள் வந்தது. வாசகர் வடிவத்தை மாற்றியதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

எதிர்த்திசைச் சான்று அறிக்கையின் கடைசி வரியில் இருக்கிறது. முடிந்தது என்று சொல்லும் அந்த வரியில் முன்பு தாறுமாறான ஒரு நீண்ட எண் வரும். உலகெங்கும் வரும் ஊப்ஸ்களைச் சேகரித்த கெர்னல்ஊப்ஸ் என்ற திட்டம், ஒரே அறிக்கை இருமுறை வந்ததா என்று அறிய அது பயன்பட்டது. 2017 முதல் அந்தத் திட்டம் இல்லை. எண்ணை உருவாக்குவதோ நிகழ்நேரக் கெர்னலுக்கு இடைஞ்சல். 2021இன் இறுதியில் எண்ணை நீக்கினார்கள். ஆனால் எந்தக் கருவியாவது அந்த இடத்தில் ஓர் எண்ணை எதிர்பார்த்திருந்தால் என்ன செய்வது என்று, பதினாறு பூச்சியங்களை அங்கே விட்டுவைத்தார்கள். அவற்றைப் படிப்பவர் யார் என்று தெரியாமலே கெர்னல் அந்தப் பூச்சியங்களை அச்சிடுகிறது.

ஐபிஎம் மரபுப்படி லினக்ஸ் செய்திகளுக்கும் அடையாளக் குறியும் விளக்கக் கையேடும் வேண்டும் என்ற முயற்சி 2007-08இல் ஐபிஎம் பெருங்கணினிகளுக்கான எஸ்390 கிளையைப் பராமரித்தவர்களிடமிருந்து வந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுதும் நிரலில் யார் கையேட்டைப் பராமரிப்பது என்ற இடத்தில் அது தட்டியது. முதன்மைக் கெர்னல் முழுவதற்குமான வழக்கமாக ஆகவில்லை. 2021இல் 5.15 பதிப்பில் வேறொரு வழி வந்தது. கெர்னலில் உள்ள செய்தி வார்ப்புகள் எல்லாவற்றையும் கோப்பு, வரி எண்ணோடு பட்டியலாகத் தரும் வசதி அது. தரவு நிலையங்களில் செய்தி உரையைக் கவனித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் கண்காணிப்புகள், யாரோ ஒரு சொல்லைத் திருத்தியதும் ஓசையின்றிச் செயலிழப்பதே அதற்கான தூண்டுதல். உரையை மாற்றாதீர்கள் என்று அது கேட்கவில்லை. மாறியிருந்தால் பதிப்புகளை ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறது.

தீராமல் நிற்பவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் தோற்றுப்போனது என்று ஒன்றையும் சொல்ல இயலாது. சுருக்கம், குறியீடு, விரிவு, மௌனம் நான்கும் தத்தம் வாசகருக்குச் சரிதான். செய்தியைப் பிரித்து, திரைக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் வேறிடத்துக்கு என்ற இன்றைய போக்கு நியாயமானது. அந்த வேறிடங்கள் இருக்கவும் செய்கின்றன: 2005இலிருந்து விழுந்த கெர்னலின் நினைவகத்தைப் பிடிக்க இரண்டாவது கெர்னலை எழுப்பும் வழி, 2011இலிருந்து நிலைநினைவகத்தில் லாகைச் சேமிக்கும் வழி. இரண்டுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி அமைக்க வேண்டும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் அமைப்பதில்லை; அங்கே திரைதான் மிச்சம்.

கடினமான கேள்வி ஒப்பந்தம் பற்றியது. பயனர் நிரல்கள் சார்ந்திருக்கும் எதையும் உடைக்கக் கூடாது என்பது லினக்ஸின் புகழ்பெற்ற விதி. கெர்னல் செய்திகளின் உரை அந்த விதிக்குள் வராது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. நடைமுறையோ பதினாறு பூச்சியங்களில் தெரிகிறது. ட்ரேஸ்பாயிண்ட் விவகாரத்தில், அதாவது கெர்னலின் ஓட்டத்தைக் கவனிக்க நிரலுக்குள் பதித்த புள்ளிகளின் விஷயத்தில், இதே இழுபறி முன்பு நடந்திருக்கிறது. 2011 வாக்கில் அந்தப் புள்ளிகளைப் படித்து மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவி உடைந்தபோது, உறுதி எதுவும் தராத ஒரு வடிவத்தையே கெர்னல் காப்பாற்ற வேண்டி வந்தது. ஊப்ஸின் வடிவத்துக்கு அப்படி ஒரு முறையான சோதனை வரவில்லை. அறிக்கையை இயந்திரம் படிக்கும் கட்டமைப்பாகவும் மனிதர் படிக்கும் உரையாகவும் இரண்டாகவே வெளியிடலாம் என்ற யோசனை இயல்பாக எழுகிறது. 2012இல் லாகுக்குள் கட்டமைப்புள்ள பதிவுகள் வந்தபோதே அதற்கு வாசல் திறந்தது. ஊப்ஸ் அதன் வழியே நுழையவில்லை. விழும் நேரத்தில் இரண்டு வடிவங்களை எழுதுவது ஒன்றை எழுதுவதைவிட ஆபத்தா, ஆபத்தென்றால் எவ்வளவு என்பதை அளந்து காட்டினால்தான் அந்த யோசனை நகரும்.